தோமண்ட் பார்க்கின் மௌனம்

எதிரணி ஆட்டக்காரர் பெனால்டி அடிக்கப் பந்தைத் தரையில் நிறுத்தினார். அதுவரை காது கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பேர், ஓர் இருமல்கூட இல்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது, வெளியே சாலையில் ஒரு பேருந்து கியர் மாற்றியது. எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் விசிலடிக்க விரலை வாயில் வைத்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

2006 ஜனவரி 21, சனிக்கிழமை. அயர்லாந்தின் மேற்கே லிமெரிக் என்ற நகரம். தோமண்ட் பார்க் மைதானத்தில், நாற்காலி இல்லாத சிமெண்ட் படிகளில், மன்ஸ்டர் அணியின் சிவப்பு நிறத்துக்கு நடுவே நாங்கள் மூன்று பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். எதிரே இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சேல் ஷார்க்ஸ். ஹைனெக்கன் கோப்பைக்கான ஆட்டம். ஐரோப்பாவின் ரக்பி சங்கங்களும் மாகாண அணிகளும் ஆண்டுதோறும் மோதும் போட்டி அது. பீர் கம்பெனியின் பெயரைச் சூட்டியிருந்ததால், மது விளம்பரத்தைத் தடுக்கும் சட்டமுள்ள பிரான்சில் மட்டும் ‘எச் கோப்பை’ என்றுதான் அதைச் சொல்லமுடிந்தது.

கம்பத்தை நோக்கி உதைப்பவர் யாராக இருந்தாலும், சொந்த அணியோ எதிரணியோ, மைதானம் மௌனமாக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தங்களைத் தோற்கடிக்க வந்தவருக்கு ஒரு கூட்டம் இப்படி இடம் கொடுப்பதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் மூவரில் ஒருவரின் கிராமத்தில் சேரிப் பையன்கள் கபடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலே அந்த வருடம் போட்டி நின்றுபோகும். ஆக, அந்த மௌனத்தில் நாங்கள் மயங்கிப்போனோம். அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை. மயங்கியதும், பிறகு தெளிந்ததும் இரண்டுமே இந்தக் கதையில் உண்டு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் ‘அங்கே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதும்போதெல்லாம் எங்களுக்கு அந்த ஒரு பருவம்தான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் முதலில் ரக்பிக்காக அந்தப் பக்கம் போகவில்லை. 2005 செப்டம்பரில் படிக்கப் போனோம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய காசல்டிராய் பகுதியில் ஒரு வீடு. எங்கள் மூவரோடு இன்னும் மூன்று தமிழர்கள். வாடகையை ஆறாகப் பிரித்தால் கட்டுப்படியாகும். அரிசி, பருப்பு, குக்கர் எல்லாம் பொது. முறை வைத்துச் சமையல். ஆறு வாரம் நன்றாகத்தான் போனது. தீபாவளிக்கு முன்பு எங்களில் ஒருவர் பெட்டியின் அடியிலிருந்து அம்பேத்கர் படம் ஒன்றை எடுத்துப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினார். கோட்டும் சூட்டும் போட்ட, நாம் எல்லோரும் பார்த்த படம்தான். அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அடுப்பு மேல் ஒரு புது தோசைக்கல் இருந்தது.

பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு அவர்களுக்கென்று ஆனது. அதன் பிறகு சமையல் முறை மாறியது. கடைசியில் ஒருநாள் இரவு பேச்சு வந்தது. “பாஸ், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கிடையாது. ஊர்ல அம்மா போன்ல கேக்கறாங்க, யார் சமைக்கறான்னு. பொய் சொல்ல முடியல.” இதைச் சொன்னவர் எங்களோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தவர். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு அம்மாவின் வாய்வழியாக அது வந்துசேர்ந்தது. நாங்கள் சண்டை போட்டோம், பிறகு வெளியேறினோம். டெபாசிட் திரும்பி வரவில்லை. நவம்பர் மழையில் ஆளுக்கொரு பெட்டியோடு ஷானன் ஆற்றைத் தாண்டி, மாணவர்கள் பொதுவாக வீடு தேடாத தோமண்ட்கேட் பக்கம் வந்தோம். அங்கே ஒரு பெரியவர் மாடியறையை வாடகைக்கு விட்டிருந்தார்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கிய குடும்பம், அவரும் பாதி வயதுவரை அதே வேலை. மனைவி காலமாகிவிட்டார். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் கேட்டது ஒரே கேள்வி. “பசங்களா, ரக்பி பார்ப்பீங்களா?” எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயருக்குப் பின்னால் என்ன, எதுவுமில்லை. எங்களுக்குள் அவரைப் ‘பெரியவர்’ என்றே சொல்லிக்கொண்டோம்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் கையால் தரலாம், முன்னால் எறியக்கூடாது. எதிராளியைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். சடுகுடு ஆடியவர்களுக்கு அது உடனே பிடிபடும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, ஐந்து புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. பெனால்டி உதைக்கு மூன்று. மீதியெல்லாம் பார்க்கப் பார்க்கத்தான் புரியும். எங்களுக்கு ஸ்க்ரம் என்கிற அந்த எட்டுக்கு எட்டு முட்டல் புரிய இரண்டு மாதம் பிடித்தது.

இந்த விளையாட்டுக்கு ஒரு தீண்டாமை வரலாறு உண்டு. இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் அதை ஆடத் தொடங்கி, கனவான்களைத் தோற்கடிக்கவும் தொடங்கினார்கள். சனிக்கிழமையும் வேலைநாள்தான். ஆட வந்தால் அந்த நேரக் கூலி போய்விடும். போன கூலியையாவது ஈடுகட்டவேண்டும் என்று வடக்கத்திச் சங்கங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. காசு வாங்காமல் ஆடுவதே கண்ணியம் என்றார்கள், பரம்பரைச் சொத்தில் சாப்பிடுகிறவர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடி, இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் பிரிந்துபோயின. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. அந்தப் பக்கம் போய் ஆடியவரை ரக்பி யூனியன் ஆயுளுக்கும் விலக்கிவைத்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 1995 ஆகஸ்டில்தான் யூனியனில் சம்பளம் வாங்கலாம் என்று ஆனது. ஹைனெக்கன் கோப்பை தொடங்கியதும் அதே வருடக் கடைசியில்தான். சம்பளமில்லாத பயிற்சிப் பணிக்கு டெல்லிக்கு வா என்று அழைக்கும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எங்களுக்கு ஹடர்ஸ்ஃபீல்டு நினைவு வரும். கூலியை விட்டுவிட்டு வர யாரால் முடியும் என்பதுதான் அங்கேயும் சல்லடை.

அயர்லாந்திலும் அதே சல்லடை வேறு வடிவத்தில் இருந்தது. தலைநகர் டப்ளின் பக்கம் ரக்பி என்றால் கட்டணப் பள்ளிகள். பிளாக்ராக், கிளாங்கோஸ் என்று சில பெயர்கள். அப்பா ஆடிய பள்ளியில் மகன் ஆடுவான், மகனின் வகுப்புத் தோழன் பிறகு வழக்கறிஞரோ வங்கி அதிகாரியோ ஆவான். அந்த மாகாணத்தின் அணி லென்ஸ்டர். லிமெரிக்கில் மட்டும் கதை வேறு. அங்கே வேலைக்காரத் தெருக்களும் திருச்சபைப் பங்குகளும் தங்களுக்கென்று சங்கங்கள் வைத்துக்கொண்டன. ஆற்றுத் தீவில் இருக்கும் செயின்ட் மேரிஸ் பங்கின் சங்கம் ஷானன். நகரின் தென்பக்கத்துத் தொழிலாளர்களின் சங்கம் யங் மன்ஸ்டர். யாரும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. அவர்களே மைதானம் பிடித்து, அவர்களே புல் வெட்டி, சட்டை துவைத்து, நூறு வருடமாக ஆடிவந்தார்கள். 1993இல் யங் மன்ஸ்டர் டப்ளினுக்கே போய், அங்கத்திய செயின்ட் மேரிஸ் காலேஜ் சங்கத்தைத் தோற்கடித்து அகில அயர்லாந்து லீக்கை வென்றதைப் பெரியவர் சொல்லும்போது, அவர் ஷானன் சங்கத்து ஆள் என்பதையே மறந்துவிடுவார்.

1978 அக்டோபர் 31 அன்று நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியை மன்ஸ்டர் 12–0 என்று வென்றதும் தோமண்ட் பார்க்கில்தான். அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்பவர்களை எண்ணினால் லட்சம் தாண்டும் என்பது அந்த ஊர் நகைச்சுவை. பெரியவரும் தான் இருந்ததாகச் சொன்னார். நாங்கள் நம்பினோம்.

ஆனால் மன்ஸ்டருக்கு ஹைனெக்கன் கோப்பை மட்டும் கிட்டவில்லை. 2000 இறுதியில் நார்தாம்ப்டனிடம் ஒரே புள்ளியில், 9–8. 2001 அரையிறுதியில் பாரிஸின் ஸ்டேட் பிரான்சேயிடம் இன்னொரு முறை ஒரே புள்ளி. 2002 இறுதியாட்டம் கார்டிஃபில் லெஸ்டருடன். கடைசி நிமிடங்களில் எதிரியின் கோட்டுக்குப் பக்கத்தில் மன்ஸ்டருக்கு ஸ்க்ரம் கிடைத்தது. குள்ளமான ஸ்க்ரம்-ஹாஃப் பீட்டர் ஸ்ட்ரிங்கர் பந்தை உள்ளே போடப் போன நேரத்தில் லெஸ்டரின் நீல் பேக் அதைக் கையால் தட்டிவிட்டார். நடுவர் பார்க்கவில்லை. 15–9. மறுவருடம் துலூஸிடம் மீண்டும் ஒரு புள்ளி. 2005இல் பியாரிட்ஸிடம் காலிறுதியிலேயே தோல்வி. பெரியவர் இதையெல்லாம் சமையலறையில் டீக்கோப்பையை வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் வரிசையாகச் சொல்வார். தோற்றவர்களின் ஞாபகம் எவ்வளவு துல்லியமானது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2005–06 பருவமும் தோல்வியில்தான் தொடங்கியது. அக்டோபரில் சேல் அணியின் மைதானத்தில் 27–13. இருபத்துநான்கு அணிகள், ஆறு பிரிவு. பிரிவில் முதலிடம் வந்தால்தான் பயமில்லை. மற்ற ஆட்டங்களை மன்ஸ்டர் வென்றது. கடைசி ஆட்டமாக அதே சேல் ஜனவரியில் லிமெரிக் வந்தபோது, வென்றால் மட்டும் போதாது, நான்கு ட்ரையும் வேண்டும் என்ற நிலை. நாங்கள் விசிலடிக்கப் போய் அடங்கியது அந்த ஆட்டத்தில்தான்.

தொடக்கத்திலேயே சேலின் செபாஸ்டியன் ஷபால், மலை போன்ற பிரெஞ்சுக்காரர், பந்தைப் பிடித்தார். பால் ஓ’கானலும் கூட்டாளிகளும் அவரை அப்படியே அள்ளிப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ரக்பி தெரியாத எங்களுக்கே முதுகுத்தண்டு சிலிர்த்தது. மூன்று ட்ரை வந்தது. நான்காவது வரவில்லை. எண்பது நிமிடமும் முடிந்து, கூடுதல் நேரத்தில் டேவிட் வாலஸ் கோட்டுக்கு மேல் விழுந்தார். 31–9. பெரியவர் எங்கள் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவருடைய ஈரக் கோட்டில் எங்கள் முகம் அழுந்தியது. அப்போது எங்களில் ஒருவர் அழுதார். ஆட்டத்துக்காக இல்லை. காசல்டிராய் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எங்களை யாரும் தொடவில்லை.

காலிறுதியில் பெர்பின்யானை 19–10 என்று வென்றார்கள். தோமண்ட் பார்க் அதற்குச் சின்ன மைதானம் என்பதால் ஆட்டம் டப்ளினில். அதே நேரத்தில் லென்ஸ்டர், துலூஸுக்கே போய் 41–35 என்று அற்புதமாக ஆடி வென்றது. ஆக அரையிறுதி, அயர்லாந்தின் இரண்டு மாகாணங்களுக்கு நடுவே. ஏப்ரல் 23, ஞாயிறு, டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு.

அந்த மூன்று வாரமும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் என்ன பேசின என்பதை நாங்கள் நன்றாகக் கவனித்தோம். லென்ஸ்டருக்குத் திறமை, கற்பனை, நளினம். மன்ஸ்டருக்கு இதயம், ஆவேசம், உழைப்பு. பாராட்டு மாதிரியே இருக்கும். எங்களுக்கு இந்தப் பாராட்டு பழக்கம். நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘பையன் ரொம்ப உழைப்பாளி’ என்பார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் அதே மதிப்பெண் வாங்கினால் ‘புத்திசாலி’. மூளை ஒருவனுக்கு, முதுகு இன்னொருவனுக்கு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு, “ஓ’காரா எங்கே உதைக்கறான்னு பார்த்து உதைக்கறது இதயத்தாலயா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மன்ஸ்டர் முழுக்கத் தொழிலாளர் அணி என்று எழுதினால் அது பொய். ரோனன் ஓ’காராவும் ஸ்ட்ரிங்கரும் கார்க் நகரின் கட்டணப் பள்ளியில் ஆடி வந்தவர்கள். ஜான் ஹேய்ஸ் விவசாயக் குடும்பம். டிரெவர் ஹால்ஸ்டெட் தென்னாப்பிரிக்கர். தலைவர் ஆண்டனி ஃபோலி ஷானன் சங்கத்துக்காரர். அவர் அப்பா பிரெண்டன், 1978இல் ஆல் பிளாக்ஸை வென்ற அணியில் ஆடியவர். அங்கேயும் வாரிசு உண்டு. ஆனாலும் டாக்டரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே படியில் நிற்கும் ஊர் என்று லிமெரிக் தன்னைச் சொல்லிக்கொள்வதில் உண்மை இருந்தது. நாங்களே அந்தப் படியில் நின்றிருக்கிறோம்.

அரையிறுதியை ஊருக்குள் ஒரு மதுவிடுதியில் பெரியவரோடு பார்த்தோம். எந்த விடுதி என்பது வேண்டாம். எள் போட்டால் எள் விழாத கூட்டம், நாங்கள் கதவோரம். டெனிஸ் லீமி ஆரம்பத்திலேயே ட்ரை போட்டார். லான்ஸ்டவுன் ரோடு லென்ஸ்டரின் ஊர், ஆனால் திரையில் தெரிந்ததெல்லாம் சிவப்பு. கடைசியில் ஓ’காரா கோட்டைத் தாண்டி ஓடி, ட்ரை போட்டு, விளம்பரப் பலகையையும் எகிறித் தாண்டி ரசிகர்களிடம் போனார். 30–6. திறமைக்கு ஆறு, இதயத்துக்கு முப்பது என்று நாங்கள் கத்தினோம். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. ஒரு கணவன், மனைவி, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். பையன் மேல் மன்ஸ்டர் சட்டை. அவர்கள் உள்ளே ஓரடி வைப்பதற்குள் விடுதிக்காரர் வழியில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு இடமில்ல.” கணவர், “ஆட்டம் முடியப்போகுது, நின்னுகிட்டே பார்த்துட்டுப் போறோம்” என்றார். “வழக்கமா வர்றவங்களுக்கு மட்டும்தான்.” எங்களை யாரும் வழக்கமா என்று கேட்கவில்லை. நாங்கள் அந்த விடுதிக்கு வந்தது அன்றுதான் முதல் முறை. மனைவி ஒன்றும் பேசாமல் பையனின் தோளைத் திருப்பினார். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே வெளியே போனான்.

அந்தத் தோளைத் திருப்பிய கையை எங்களுக்குத் தெரியும். டீக்கடை வாசலில் எங்கள் அம்மாக்களின் கை அது.

“யாருங்க அவங்க?” என்று பெரியவரிடம் கேட்டோம். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “டிராவலர்ஸ். அவங்க வேற” என்றார்.

டிராவலர் மக்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை. அதே நிறம், அதே கத்தோலிக்கம், அதே குடும்பப் பெயர்கள், நூற்றாண்டுகளாக அயர்லாந்து மண்ணிலேயே ஊர் ஊராகப் போய் வாழ்ந்தவர்கள். தகரப் பாத்திரம் தட்டுவது, குதிரை விற்பது அவர்களுடைய தொழிலாக இருந்தது. தகரம் தட்டும் அந்தத் தொழிலின் பெயரையே வசவாக்கி வைத்திருந்தார்கள். இதை நாங்கள் நூலகத்தில் படித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2000ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டத்தில், கடையிலோ விடுதியிலோ யாருக்கெல்லாம் சேவை மறுக்கக்கூடாது என்ற பட்டியலில் டிராவலர்கள் பெயர் சொல்லியே இருக்கிறார்கள். அவர்கள் வழக்குப் போடத் தொடங்கியதும் விடுதிக்காரர்கள் கூச்சலிட்டார்கள். 2003இல் மதுவிடுதி வழக்குகளை மட்டும் சமத்துவத் தீர்ப்பாயத்திடமிருந்து எடுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். சட்டம் அப்படியே இருக்கும், அதை எட்டும் படி மட்டும் உயரும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்களைத் தனி இனக்குழு என்று அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்டதே 2017 மார்ச் 1 அன்றுதான்.

ஆனால் சட்டம் படித்ததெல்லாம் பிறகு. அன்று கதவோரத்தில் நாங்கள் என்ன செய்தோம்? கையில் கோப்பையோடு நின்றோம். மூன்று பேர், மூவரும் கல்லூரியில் மேடையேறிப் பேசியவர்கள். விசா, வாடகை, ராத்திரி ஹோட்டலில் தட்டுக் கழுவும் வேலை, பெரியவர் என்ன நினைப்பார், எல்லாம் ஒரே நொடியில் மண்டைக்குள் ஓடியது. வெள்ளைக்காரர் நடுவே எங்களுக்குக் கிடைத்த ஒரு இடம். அதைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. காசல்டிராய் வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். தோசைக்கல்லை வாங்கியவர் ஒருவர்தான், அந்த இருவரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எங்களுக்குத் தீராத கோபம் இருந்தது. அன்றைக்கு நாங்கள் அந்த இருவராக இருந்தோம்.

வீடு திரும்பும்போது யாரும் பேசவில்லை. மூன்று நாள் பெரியவரோடு டீ குடிக்கக் கீழே இறங்கவில்லை. நான்காம் நாள் அவரே மாடிக்கு வந்து கதவைத் தட்டி, “என்னடா பசங்களா, ஜெயிச்சதுக்கு ஏன் இந்த மூஞ்சி?” என்றார். அப்போதுதான் சொன்னோம். அவரிடம் சாதி என்ற விஷயத்தை முதல்முறையாகப் பேசினோம். எங்கள் ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல்லே கிடைக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து நாங்கள் வாடகைத் தகராறில் வெளியே வந்தோம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். தோசைக்கல்லைச் சொன்னோம். ஃப்ரிட்ஜ் தட்டைச் சொன்னோம். கிணறு, கோயில், டீக்கடையின் தனிக் குவளை வரைக்கும் போனோம். ‘அவங்க வேற’ என்ற சொல்லை எங்களைப் பற்றி எத்தனை வாய் சொல்லியிருக்கிறது என்பதையும் சொன்னோம்.

அவருக்குக் கோபம் வந்தது. அதுவும் எங்கள்மேல். “இதுவும் அதுவும் ஒண்ணில்ல. உங்களுக்கு அவங்களைத் தெரியாது” என்று ஆரம்பித்து, குதிரை, குப்பை, சண்டை என்று ஒரு பட்டியல் சொன்னார். நாங்கள் பட்டியல் முடியும்வரை காத்திருந்துவிட்டு, எங்களைப் பற்றி எங்கள் ஊரில் இருக்கும் பட்டியலைச் சொன்னோம். ஏறக்குறைய அதே பட்டியல். குதிரை மட்டும் இல்லை. அவர் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று அன்றிரவு பழையபடி பெட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். காலையில் வாசலில் வழக்கம்போல் பத்திரிகையின் ரக்பிப் பக்கம் மட்டும் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் விடாமல் இரண்டு முறை எடுத்துப் பார்த்தோம்; இரண்டு முறையும் எழுந்து போய்விட்டார்.

மே 20, சனிக்கிழமை. இறுதியாட்டம் கார்டிஃபில், மில்லேனியம் ஸ்டேடியம். 74,534 பேர். எதிரே பியாரிட்ஸ், போன வருடம் மன்ஸ்டரை வெளியேற்றிய அதே பாஸ்க் நாட்டு அணி. எங்களிடம் கார்டிஃப் போகக் காசில்லை. லிமெரிக்கின் ஓ’கானல் தெருவில் பெரிய திரை வைத்திருந்தார்கள், பெரியவரோடு அங்கே போனோம். அந்தத் தெரு கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் நுழையும் உரிமை கேட்டுப் போராடி 1829இல் பெற்ற டேனியல் ஓ’கானலின் பெயரைத் தாங்கியது. கோடியில் அவர் சிலையும் நிற்கிறது. ஒருகாலத்தில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்தத் தெரு முழுக்க.

தொடங்கிய வேகத்தில் பியாரிட்ஸின் ஃபிஜி வீரர் செரேலி போபோ ட்ரை போட்டார். கால் எல்லைக்கோட்டை உரசியது மறுஒளிபரப்பில் தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை. தெருவே முனகியது. பெரியவர் “மறுபடியும்” என்று மட்டும் சொன்னார். ஹால்ஸ்டெட் ஒரு ட்ரை போட்டார். பிறகு பியாரிட்ஸின் கோட்டுக்குப் பக்கத்தில் மன்ஸ்டருக்கு ஒரு ஸ்க்ரம். கார்டிஃப், அதே மைதானம், 2002இல் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார்களே, அதே ஸ்ட்ரிங்கர். வழக்கமாக அவர் பந்தை எடுத்து ஓ’காராவுக்கு எறிவார். அவருடைய வேலை அதுதான் என்று உலகமே அறியும். அதனால் அந்தக் குறுகிய பக்கத்தைக் காக்கவேண்டிய போபோ, உள்ளே நடுப்பக்கம் நகர்ந்துவிட்டார். ஸ்ட்ரிங்கர் எறியவில்லை. ஆளில்லாத பக்கமாகத் தானே ஓடிப்போய்ப் பந்தை அழுத்திவிட்டார். இவனால் இது ஆகாது என்று எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்த ஒரு பக்கம்.

இடைவேளையில் 17–10. இரண்டாம் பாதியில் பியாரிட்ஸ் பெனால்டி பெனால்டியாகச் சேர்த்து 20–19 வரை வந்தது. அப்போது கார்டிஃப் மைதானத்தின் திரையில் ஒரு படம் வந்தது. எங்கள் தெரு. ஆயிரக்கணக்கான சிவப்பு, நடுவே எங்கோ நாங்கள். தெருவில் இருந்த நாங்கள், கார்டிஃபில் இருப்பவர்கள் எங்களைப் பார்ப்பதைப் பார்த்தோம். அங்கே எழுந்த சத்தம் எங்கள் ஒலிபெருக்கிகளை உடைத்தது. ஓ’காரா இன்னொரு பெனால்டிக்குப் பந்தை நிறுத்தினார். எண்ணூறு கிலோமீட்டர் போகவர உள்ள தூரத்திலிருந்து அவர் காதில் விழப்போவதில்லை. ஆனாலும் தெரு மொத்தமும் மௌனமானது. 23–19. அதுவே முடிவு.

பிறகு அழுகை, பாட்டு, முன்பின் தெரியாதவர்களின் முத்தம். ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டம் மதுவிடுதிகளை நோக்கி நகர்ந்தது. பெரியவரின் நண்பர்கள் அன்றைய விடுதிக்கே போனார்கள், அவரையும் தோளைப் பிடித்து இழுத்தார்கள். வாசல்வரை வந்தார். உள்ளே இடம் இருந்தது, விடுதிக்காரரே எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“முழங்கால் வலிக்குது. வீட்டுக்குப் போய் டீ போடலாம், வாங்க பசங்களா.”

ஆற்றுப் பாலத்தில் அவர் எங்களைவிட வேகமாக நடந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் தொலைக்காட்சியில் ஆட்டத்தை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கெட்டிலை வைத்துவிட்டு வந்து, ஸ்க்ரம் கட்டுகிற இடத்தில் எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். “இப்போ பாரு. அந்தப் பக்கம்தான் போகப்போறான்.”